கீழ் ஜி-யில் ஒரு படகு

நொடிக்கு ஒருமுறை யாரோ துடுப்புப் போடுகிறார்கள்
என்றார் ஓஸ்மோ.
தடித்த கம்பி, மூன்றாம் மெட்டு, கீழ் ஜி.
வேறெந்தச் சுரத்திலும் இல்லை.

பேஸ் கித்தாரை என் மேசையில் கிடத்திவிட்டுக்
கையுறையைக் கழற்றாமல் நின்றார்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
தாம்பரேயில், பிஸ்பலா மேட்டில்,
சலவை இயந்திரம் பழுதுபார்க்கும் கடையின்
பின்கட்டுதான் என் பட்டறை.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன்:
உங்கள் ஜி, நாற்பத்தொன்பது.
சுவருக்குள் ஓடும் மின்சாரம், ஐம்பது.
கழித்தால் வரும் ஒன்றுதான்
படகில் உட்கார்ந்திருக்கிறது.

ஏரிக்கரை நடன மண்டபம்.
மேடைக்கு மேலே இளஞ்சிவப்பு நியான்.
கோடைச் சனிக்கிழமைகளில் டாங்கோ.
முப்பது வருடமாக அந்த முணுமுணுப்பின் கீழே
வாசிக்கிறாராம்.
"எடுத்துவிடு, இர்மெலி" என்றார்,
பல் பிடுங்கச் சொல்வதுபோல.

ஒரு சுருளுக்கு ஆறாயிரத்து எண்ணூறு சுற்று.
விரலில் பட்டால் தெரியாத கம்பி;
அறுந்தால் மட்டும் தெரியும்.
நாலாயிரத்து நூற்றுப்பன்னிரண்டில் அறுந்தது.
காற்றில் அவ்வளவு வறட்சி.
கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து
அறைக்கு ஆவி பிடித்துவிட்டு
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாவது சுருளை எதிர்த்திசையில் சுற்றினேன்.
காந்தங்களையும் தலைகீழாக நட்டேன்.
பங்காளிகள் மாதிரி:
தெருவிலிருந்து வரும் பேச்சுக்கு
ஒருவன் ஆமென்றால் மற்றவன் இல்லையென்பான்,
பேச்சு செத்துப்போகும்.
வீட்டுக் கம்பி அசைந்தால் மட்டும்
இருவருக்கும் ஒரே வாய்.

மெழுகில் இறக்கினேன், அறுபத்தைந்து டிகிரி.
குமிழிகள் வந்துகொண்டே இருந்தன.
நின்றுவிட்டன என்று திரும்பினால்
இன்னொன்று.

யூகானுஸ் விழாவுக்கு முந்தின நாள் கொடுத்தேன்.
ஜி-யை மீட்டினார். மீட்டிவிட்டு
சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோல் இருந்தார்.
பணம் எண்ணி வைத்தார்.

ஆகஸ்டில் திரும்பி வந்தார்.
சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள் எல்லோரும், என்றார்.
குற்றச்சாட்டு அது.
ஜி இப்போது வேலிக்கம்பம் மாதிரி நிற்கிறதாம்.
டிரம்காரர் வெய்க்கோ பிரஷை எங்கே வைப்பதென்று
தெரியாமல் முழிக்கிறாராம்.
ஜோடிகள் திரும்புகிற இடத்தில்
கால் ஒரு கணம் பிந்துகிறதாம்.

நம்பவில்லை. என்றாலும்
ஒரு சுருளை அணைக்கிற சின்ன சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன்.
ஒற்றையாளாய் நிற்கிற பங்காளி
தெருப்பேச்சை விடமாட்டான்.
வேண்டும்போது படகு, வேண்டாதபோது கரை.

மறுநாளே தொலைபேசி.
சுவிட்சைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை.

தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனேன்,
கருவிப்பெட்டியும் ஓம் மீட்டரும் மடியில் கிடக்கும் நினைப்போடு.
மண்டபத்தில் ஏறி நிமிர்ந்து பார்த்தேன்.
மேடைக்கு மேலே எல்.ஈ.டி.
வெள்ளையாய், சத்தமில்லாமல்.
நிர்வாகக் குழு ஜூனில் மாற்றியிருக்கிறது.
பழைய டிரான்ஸ்பார்மர்களையும் கழற்றியாயிற்று.

அப்படியென்றால் அவர் கொடுத்த நானூற்றைம்பது யூரோவுக்கு
நான் துரத்தியது
ஏற்கெனவே வீட்டைக் காலி செய்திருந்த ஒருவரை.
சொன்னேன்.
ஓஸ்மோ கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"முப்பது வருடம்" என்றார்.
பிறகு சிரிப்பு வந்தது, அவருக்கு முதலில்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். வாங்கவில்லை.

அன்றிரவு தங்கிக் கேட்டேன்.
மூன்றாவது பாட்டு, மைனர், மெதுவானது.
ஜி வருவதற்கு இரண்டு தாளம் முன்பு
ஓஸ்மோ சுவிட்சைத் தட்டிவிட்டு
மேடையின் இடது ஓரத்துக்கு நகர்ந்தார்,
கேபிள் எட்டும் மட்டும்.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
தொத்திறைச்சிக் கடையின் பழைய குளிர்பெட்டி
உறுமிக்கொண்டிருந்தது.

துடுப்பு விழுந்தது.
வெய்க்கோ தலையைத் தூக்கினார்.
ஜோடிகளின் கால்களைக் கவனிக்க வேண்டும் என்றுதான்
போயிருந்தேன்.
அந்த நேரம் பார்த்து
பச்சைச் சட்டைக்காரர் ஒருவர்
ஆட வருகிறீர்களா என்று கை நீட்டினார்.